பூந்தமல்லி காயலான் கடையிலிருந்து அம்பத்தூர் யூனிக்ஸுக்கு இரண்டு டிஸ்க்

பழைய யூனிக்ஸ் கம்ப்யூட்டருக்குக் கூடுதல் டிஸ்க் தேடி அலையப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன சனிக்கிழமை நான் அலைந்தேன், ஜெயித்துவிட்டும் வந்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அடக்கமெல்லாம் வராது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்டெல்லா அக்கா டை, அதாவது தகட்டை அழுத்தி வடிவமெடுக்கும் இரும்பு அச்சு, செய்யும் பட்டறை நடத்துகிறார். டை வரைபடம் போடும் மென்பொருள் அங்கிருக்கும் யூனிக்ஸ் பெட்டியில் மட்டும்தான் ஓடும். அதைப் பல வருஷமாகப் பார்த்துக்கொள்வது நான். வெள்ளிக்கிழமை அக்கா போன் செய்தார்.

"டிஸ்க் ரொம்பிப்போச்சும்மா. திங்கக்கிழமை வரைபடம் குடுக்கலன்னா பெரிய ஆர்டர் கைவிட்டுப் போயிடும். அந்தக் கம்பெனி இன்ஜினியரு, பெட்டியத் தூக்கி காயலான் கடையில போடுங்கன்னு சிரிக்கிறாரு."

எனக்குச் சுருக்கென்றது. என் பெட்டியையா? பழைய வரைபடங்களை அழிக்கவும் வழியில்லை, உடைந்த டைக்கு மாற்று கேட்டு இன்னும் ஆட்கள் வருகிறார்கள்.

மறுநாள் காலை ஒன்பதுக்கு முகப்பேரிலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பினேன். பூந்தமல்லி பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம். வானகரத்தைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது, முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கம்ப்யூட்டர்களை உடைத்து விற்கும் கடை ஒன்று, மெட்ரோ தூண்களைத் தாண்டி உள்ளே.

"அண்ணாத்தே, ஸ்கஸி டிஸ்க் இருக்கா?" என்றேன். பழைய பெட்டிகளுக்கு அந்த வகைதான் சேரும்.

"கீது. இன்னாத்துக்கு, தங்கம் உருக்கவா?"

"ஓட்டத்தான்."

"இத்தப் போயி ஓட்டப் போறியா? பேஜாரான ஆளா கீறியே!"

தனித்தனிக் கூட்டில் இரண்டு டிஸ்க், அவற்றைப் பெட்டியோடு இணைக்கும் ஒரு கன்ட்ரோலர் கார்டு, கேபிள்கள், பேரம் பேசி மூவாயிரத்து ஐந்நூறு. சாதாரணப் பிசி கார்டு வேலைக்கு ஆகாது. உங்கள் பெட்டிக்கென்றே செய்த கார்டா, ஊசிகள் வளையாமல் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். டிஸ்க் வரிசையின் கடைசியில் செருகும் டெர்மினேட்டர் என்ற மூடி மட்டும் அவரிடம் இல்லை. "பரவாயில்ல, பட்டறையில இருக்கு" என்று கெத்தாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பும்போது வானகரத்தில் இடதுபக்கம் திரும்பி, அயனம்பாக்கம் வழியாக எஸ்டேட். காலடியில் தலையணை போட்டு டிஸ்க்குகளைக் கைக்குழந்தை மாதிரி படுக்க வைத்திருந்தேன். அந்த ரோட்டுப் பள்ளங்களுக்கு அது அவசியம்.

பட்டறையில் கார்டைச் செருகி, டிஸ்க்குகளுக்கு வேறு வேறு எண் வைத்து, மூடியை எடுக்கப் போனேன். செத்துப்போன டேப் பெட்டியின் பின்னால் நானே செருகி வைத்தது. காணோம்! சரி, இல்லாமல் பார்ப்போம் என்று ஓட்டினேன். முதல் டிஸ்க் திரையில் வந்து வந்து மறைந்தது, இரண்டாவது வரவே இல்லை. அக்கா வாசலிலிருந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"முருகேசண்ணே, டேப் பெட்டி பின்னால ஒரு மூடி இருந்துச்சே?" லேத் ஓட்டுகிறவரிடம் கேட்டேன்.

"வயரே இல்லாம ஒண்ணு இருக்குமே, அதுவா? ஆயுத பூஜைக்குத் தொடைக்க சொல்ல கயண்டு வந்துச்சு. ஸ்பேனரோட சேத்து வச்சு கும்புட்டோம். மறுநாளு அவனவன் சாமான எடுத்துக்கினு போனான். இதுக்கு மட்டும் ஆளு வர்ல."

அந்தப் பட்டறையில் மாதாவுக்கும் முருகனுக்கும் ஒரே அலமாரி. முருகன் படத்துக்குப் பின்னால் மூடி இருந்தது, ஊசிகளுக்கு நடுவே சந்தனம் காய்ந்துபோய். அடக் கடவுளே என்று அந்த முருகனிடமே சொன்னேன். பல் துலக்கும் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் வைத்துத் தேய்த்து, காயவிட்டு, கடைசி டிஸ்க்கில் செருகி, மறுபடி ஓட்டினேன்.

திரையில் இரண்டு டிஸ்க்கும் வரிசையாக வந்து நின்றன! புது வரைபடம் ஒன்றைப் போட்டு, சேமித்து, மறுபடி திறந்தும் காட்டினேன். அக்கா சிலுவை போட்டுக்கொண்டு அங்கேயே இன்ஜினியருக்குப் போன் போட்டார்.

"சார், திங்கக்கிழமை வரைபடம் வருது. எங்க பெட்டி காயலான் கடைக்குப் போவல. அங்கேருந்துதான் ரெண்டு டிஸ்க் எங்ககிட்ட வந்திருக்கு."

நான் என்ன, தரையிலா நின்றேன்? புதுப் பெட்டி வாங்க யாராலும் முடியும். இருப்பதை ஓடவைக்கத் தலையில் கொஞ்சம் சரக்கு வேண்டும், அது எனக்கு இருக்கிறது. நீங்கள் போனால் மூடியைக் கையோடு வாங்கிவிடுங்கள். ஒரே ஒரு பழைய டிஸ்க்கை நம்பாதீர்கள், இரண்டிலும் ஒரே பிரதி வையுங்கள்.

கிளம்பும்போது முருகேசண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். "பின்பக்கம் வேணாம்ணே!" என்று பதறினேன். அவர் கிண்ணத்தை என்னிடமே நீட்டினார்.

"நீயே வையிம்மா. இதுக்கு ஆளு வந்தாச்சு."