பஸ்ஸுக்குக் கட்டின காப்பு

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில், மாவட்ட நிர்வாகம் மாணவர்களைச் சம்பளத்தோடு பயிற்சிக்கு எடுக்கிறது என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாக விண்ணப்பித்தேன். மக்கள் சேவை என்ற வார்த்தையைவிடச் சம்பளம் என்ற வார்த்தைதான் என்னை இழுத்தது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. எனக்கு ஊர் முள்ளுக்குறிச்சி. அடிவாரத்துக்காரிதானே, மலை ஒத்துக்கொள்ளும் என்று நினைத்தார்களோ என்னவோ, மேலே அரியூர் நாடு என்கிற மலையூர்க் கூட்டத்தில் ஒரு சின்ன ஊரை எனக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த ஊருக்கு அதுவரை பஸ் கிடையாது. புதிதாக ஒரு மினி பஸ்ஸைச் சோதனைக்கு விட்டிருந்தார்கள். யார் ஏறுகிறார்கள், எங்கே போகிறார்கள், எதற்குப் போகிறார்கள் என்று பஸ்ஸிலேயே உட்கார்ந்து கவனித்துச் சொல்வது என் வேலை. கோடை முடிவதற்குள் ஜனம் ஏறிப் பழகினால் பஸ் நிலைக்கும். இல்லாவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடும். எங்களுக்குப் பொறுப்பாக இருந்த ஆபீஸ் மேடம், "காலி சீட்டுக்கு டீசல் ஊத்த முடியாதும்மா" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பினார்.

ஊரில் ஓர் அக்கா வீட்டில் தங்க இடம் கிடைத்தது. அவரும் இளைய மகளும் மட்டும்தான் வீட்டில். மூத்த மகள் நூல் மில் விடுதிக்குப் போனவள், லீவு கிடைக்கும் நோம்பி, பண்டிகைக்குத்தான் வீட்டுப் பக்கம் வருவாள். இளையவள் மலையிலேயே நடந்துபோய்ப் படித்து, அந்த வருஷம் பிளஸ் டூ முடித்திருந்தாள். கீழே கல்லூரியில் இடம் கிடைக்கும் அளவுக்கு மார்க்கும் இருந்தது. ஆனால் இன்னொரு பிள்ளையை எந்த விடுதிக்கும் அனுப்புவதில்லை என்பதில் அக்கா கறாராக இருந்தார். தினம் போய்த் தினம் திரும்ப முடிந்தால் படிப்பு, முடியாவிட்டால் மிளகும் மரவள்ளியும்தான். அந்தப் பெண் என்னிடம் வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை. நான் பஸ்ஸைவிட்டு இறங்கியதும், "இன்னிக்குக் கூட்டம் இருந்துச்சுங்களாக்கா?" என்பாள், அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் எனக்கு மேடத்துக்குப் பதில் சொல்வதைவிடக் கஷ்டமாக இருந்தது.

முதல் சில நாள் கூட்டம் அள்ளியது. போக இடமில்லாதவர்கள்கூட ஏறி, அடுத்த ஊரில் இறங்கி, சிரித்துக்கொண்டே நடந்து திரும்பினார்கள். பஸ் காலைச் சோறெல்லாம் முடிந்தபிறகு ஆடி அசைந்து மலையேறி வரும், மத்தியானம் கீழே இறங்கும், ராத்திரி அடிவாரத்தில் நிற்கும். போகிறவர்கள் கீழே உறவுக்காரர் வீட்டில் படுத்திருந்துவிட்டு மறுநாள் வருவார்கள். நானும் அப்படித்தான், ஒருநாள் இறங்கிக் கீழே எங்கள் வீட்டில் படுத்து, மறுநாள் ஏறி அக்கா வீட்டுக்கு வந்துவிடுவேன். அதுவரைக்கும் நன்றாகத்தான் போயிற்று. திடீரென்று ஒருநாள் நான், டிரைவர், கண்டக்டர் தவிர ஈ காக்கை இல்லை. மறுநாள் மேலே வரும்போதும் அதே கதை. கண்டக்டர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நேராக வீட்டுக்குப் போய் அக்காவிடம் பொரிந்து தள்ளினேன்.

"பஸ் வேணும் வேணும்னு கேட்டீங்க. வந்தா ஒருத்தர்கூட ஏற மாட்டேங்கறீங்களேக்கா!"

அக்கா முறத்திலிருந்து நிமிரவே இல்லை. "காப்புக் கட்டியாச்சே கண்ணு."

மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அது முடியும்வரை ஊர்க்காரர்கள் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பொழுது சாய்வதற்குள் ஊருக்குள் இருக்க வேண்டும். மத்தியானம் இறங்கும் பஸ்ஸில் போனால் அன்றைக்கே திரும்ப வழியில்லை. பிறகு யார் ஏறுவார்கள்?

"இதை முன்னாடியே யாராச்சும் ஆபீஸ்ல சொல்லியிருக்கலாமில்ல?"

"இதையப் போயி ஆராச்சும் சொல்லுவாங்களா? வைகாசியில காப்புன்னு ஊரு ஒலகத்துக்கே தெரியுமே."

"எங்க ஊர்ப் பக்கம் ஐப்பசியிலக்கா."

அக்கா அப்போதுதான் நிமிர்ந்து, ஐயோ பாவம் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

மேடத்துக்கு போன் செய்தேன். "காலைல இறங்கி, இருட்டறதுக்குள்ள மேல வந்துட்டா ஏறுவாங்களா?" என்று கேட்டார். கட்டாயம் ஏறுவார்கள் என்றேன். "அப்ப பஸ் அங்கேயே ராத்திரி நிக்கணும். டிரைவர் சம்மதிச்சா நான் மத்ததைப் பார்த்துக்கறேன்." டிரைவரிடம் கேட்டால், ஆறடி ஆளும் அரையடி மீசையுமாக இருந்துகொண்டு, "கரடி வந்து கதவத் தட்டுச்சுன்னா நீங்களாங்க வந்து தொறப்பீங்க?" என்றார். சம்மதிக்கவில்லை. அன்று சாயங்காலம் அந்தப் பெண் கூட்டம் இருந்ததா என்று கேட்கவில்லை.

மறுநாள் பஸ் மேலே வந்தபோது கோயில் முன்னால் பைக், ஜீப், டிராக்டர் எல்லாம் வரிசையாக நின்றன. பூசாரி ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து, மஞ்சள் கிழங்கு கோத்த மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். டிரைவருக்குப் பக்தி அதிகம். பஸ்ஸை ஓரங்கட்டி, செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், "நம்ம வண்டிக்கும் துன்னூறு வெச்சு உடுங்க சாமி" என்றார். பூசாரி துன்னூறு பூசினார், டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தார், கடைசியில் பக்கக் கண்ணாடியில் ஒரு காப்பையும் இறுக்கிக் கட்டினார். டிரைவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"ஏனுங்க டிரைவரண்ணா," என்று கூட்டத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. "காப்புக் கட்டுன வண்டிங்க. ராத்திரி ஊரு தாண்டி நிக்கப்படாதுங்க."

டிரைவர் பூசாரியைப் பார்த்தார்.

"ஏனுங்க, சொல்லிப்போட்டுக் கட்டக் கூடாதுங்களா?"

"நீங்கதானுங்க கேட்டீங்க," என்றார் பூசாரி, ஒன்றும் தெரியாத முகத்தோடு.

"வேணும்னா அறுத்துப் போட்டுட்டுப் போங்க, நாங்க தடுக்கலீங்க," என்று யாரோ பெரியமனசோடு சொன்னார்கள். டிரைவர் கோயிலைப் பார்த்தார். இறங்க வேண்டிய கொண்டை ஊசி வளைவுகளையும் நினைத்துப் பார்த்திருப்பார். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். நான் போனில் விஷயத்தைச் சொன்னபோது மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். திருவிழா முடியும்வரை ராத்திரி பஸ்ஸை அங்கேயே நிறுத்த அவரே யாரிடமோ பேசி அனுமதி வாங்கினார். அக்கா முந்தின நாளே பூசாரியைப் பார்த்துப் பேசியிருந்தார் என்று எனக்கு ஒரு சந்தேகம். இன்றைக்கும் கேட்டால் சிரிக்கிறார்.

அடுத்த நாள் விடியக்காலையில் பஸ்ஸில் நிற்க இடமில்லை. பலாப்பழம், வாழைத்தார், கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள். எல்லோரும் சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்பினார்கள். ஒருநாள் மேடமே அதிகாலையில் ஜீப்பில் மேலே வந்து, எங்களோடு பஸ்ஸில் இறங்கினார். பாதி வழி நின்றுகொண்டு, மீதி வழி யாருடைய பலாப்பழத்தையோ மடியில் வைத்துக்கொண்டு. இறங்கும்போது முகம் நன்றாக இருந்தது. டிரைவரும் கண்டக்டரும் பள்ளிக்கூடத்தில் படுத்துக்கொண்டார்கள். கரடி வரவில்லை, களியும் குழம்பும்தான் வீடு மாற்றி வீடு வந்தன.

திருவிழா முடிந்து காப்பை அவிழ்த்தார்கள். பூசாரி பஸ்ஸின் கயிற்றையும் அவிழ்த்துவிட்டார். இனி டிரைவரைப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை. அக்காவும் மகளும் வாசலில் நின்றார்கள். டிரைவர் முகம் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு வந்தார். "இன்னிக்கு ஆருங்க ஊட்டுல சாப்பாடு?" என்றார்.

காலையில் இறங்கி மாலையில் ஏறும் அந்த நேரமே இனி நிரந்தரம் என்று உத்தரவு வந்தபோது என் பயிற்சி முடிந்திருந்தது. சம்பளம் கைக்கு வந்தது, சந்தோஷம்தான். அந்தப் பெண்ணுக்குக் கீழே கல்லூரி திறந்த முதல் நாள், பொழுது சாயும் நேரத்தில் அக்காவிடமிருந்து போன் வந்தது. மகள் காலையில் பஸ் ஏறியதைப் பற்றிச் சொல்வார், கல்லூரியைப் பற்றிச் சொல்வார் என்று காத்திருந்தேன். பின்னால் பஸ் ஹாரன் சத்தம் கேட்டது. அக்கா அழுதுகொண்டிருந்தார்.

"ஊட்டுக்கு வந்துட்டா சாமி," என்றார். "சோறு போடோணும், போன வெச்சரட்டுமா?"