கழுவாமல் வந்த தட்டு

மீரா சாகிபு நானாவின் மவுத்துச் செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் ரயில்வே பாயிண்ட்ஸ்மேன் முத்தையா. போன வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து என் கடையில் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த நேரம். தலைப்பாகை அவிழ்ந்து தோளில் தொங்க, சாலையைத் தாண்டி ஓடிவந்தார்.

"செய்யது பாய், எதிர்க்கடை நானா மவுத்தாயிட்டாங்க. சாப்பிட்டுக்கிட்டே இருந்தாங்களாம். நெஞ்சு அடைக்குதுன்னு சாஞ்சாங்களாம். அவ்வளவுதான் பாய்."

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? நானாவை அறிந்த குளுவாங் ஊர்க்காரர்கள் எல்லோரும் என்னையும் அறிவீர்கள். அந்தச் செய்தி காதில் விழுந்ததும், வாய் துஆ ஓதுவதற்கு முன்னால், ஒரு மூச்சு நேரம், ஸ்டேஷன் சாலையில் இனி முதல் கடை என்னுடையதுதான் என்று மனம் நினைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கல்லாப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் மனம் அப்படிப்பட்ட மனம். இருபது வருடம் அந்த மனிதரைப் பார்த்து வயிறு எரிந்தவன் நான். அஞ்சலி எழுத உட்கார்ந்துவிட்டு அதைச் சொல்லாமல் விட்டால் நானாவே கபுர்க் குழியிலிருந்து சிரிப்பார்.

எங்கள் கடைகள் சாலையின் இரண்டு பக்கமும் நேருக்கு நேராக இருந்தன. அவருடையது ஆட்டுக்கறிக்குப் பெயர் போனது, என்னுடையது மீனுக்கு. ரெங்கத்திலிருந்தும் கூலாயிலிருந்தும் ரயிலில் வந்து இறங்கும் ரப்பர் தோட்டத்துக் கணக்குக் கிராணிகள் முதலில் என் கடையைத்தான் பார்ப்பார்கள். நன்றாகப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போவார்கள். ருசிக்காகப் போனார்கள் என்றால் எனக்கு இவ்வளவு எரிச்சல் இருந்திருக்காது. அவர் பேச்சைக் கேட்கப் போனார்கள். பாரிசில் ராத்திரி விருந்து எப்படி நடக்கும், லண்டனில் சூப்பை எந்தப் பக்கமாகச் சாய்த்துக் குடிப்பார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, ரெங்கத்துக் கிராணி இரண்டாவது தட்டுச் சோறு வாங்கிவிடுவார்.

அவர் அந்த ஊர்களையெல்லாம் பார்த்தது உண்மை. பெரிய போருக்கு முன்னால், ரப்பர் விலை உச்சத்தில் இருந்த காலத்தில், ரெங்கம் பக்கத்து எஸ்டேட் துரை ஒருவருக்கு ரப்பர் உருளை இயந்திரத்தில் வலது கை சிக்கி வீணாகிவிட்டது. கையைக் காட்டாத வைத்தியர் இல்லை. சிங்கப்பூர், கொழும்பு, கெய்ரோ, மார்சேல்ஸ், பாரிஸ், லண்டன், வியன்னா என்று ஏழு ஊர்கள். போன ஊரிலெல்லாம் பெரிய ஓட்டல்களில்தான் துரைக்குச் சாப்பாடு. ஒரு கையால் இறைச்சியை வெட்ட முடியாது என்பதால், வெட்டிக்கொடுக்க மீரா சாகிபை வெள்ளைச் சட்டையும் தலைப்பாகையுமாகப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். ஒன்றரை வருடம் கழித்துத் துரை கை ஆறாமலே திரும்பினார். நானாதான் உலகத்தையே சாப்பிட்டுவிட்டு வந்தவர் போல் திரும்பினார்.

அந்த ஏழு ஊர் ஓட்டல்களையும் அவர் வரிசைப்படுத்தி வைத்திருந்தார். வியாழக்கிழமை ஒன்று சொல்லி வெள்ளிக்கிழமை ஒன்று சொல்கிறவர் அல்ல. பாரிஸ் முதல். இரண்டாவது வியன்னா. "ஆனா இனிப்புக்கு மட்டும். அங்க கறிய பேருக்குக் கொறிப்பாங்க, கேக் வந்ததும் பேச்சே நின்னுடும்." மூன்றாவது கொழும்பு. அங்கே சோறும் கறிகளும் ஏந்திப் பன்னிரண்டு பேர் வரிசையாக வருவார்களாம், ஒருவர் பாத்திரத்தில் இருப்பது அடுத்தவர் பாத்திரத்தில் இருக்காதாம். மார்சேல்சில் மீன் குழம்பு நன்றாம், சகித்துக்கொள்ளக்கூடிய ஓட்டலாம். லண்டனைப் பற்றிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். "விளக்கு பிரமாதம், வெள்ளி சாமான் பிரமாதம். பீன்ஸை மட்டும் அவிச்சே கொன்னுடுவாங்க." கெய்ரோ ஓட்டலின் மெனு ரயில் அட்டவணை நீளம் இருக்கும், ஆனால் வந்தவர்களுக்கு நைல் ஆற்றைப் பார்ப்பதில்தான் கவனம். கடைசி இடம் சிங்கப்பூருக்கு. "அங்க யாரும் சாப்பிட வர்றதில்ல லா. யார் யார் வந்திருக்காங்கன்னு பார்க்க வர்றாங்க."

இதையெல்லாம் நான் சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். கேட்பது தெரியாமலிருக்க மீன் கழுவுவேன். கழுவிய மீனையே மறுபடியும் கழுவுவேன்.

ஒரு நாள் லண்டன் ஓட்டல்களில் பரிமாறும் முன் தட்டைச் சூடாக்கி வைப்பார்கள் என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. அதுதான் சங்கதி என்று நினைத்தேன். மறுநாளே தட்டுகளையெல்லாம் அடுப்போரம் அடுக்கிச் சூடாக்கி, சோறு போட்டு, மேலே குழம்பு ஊற்றிக் கொடுத்தேன். கூலாய்க் கிராணி ஒருவர் சோற்றில் கை வைத்துப் பிசைந்தார். தட்டில் விரல் பட்டதுதான் தாமதம்.

"அலமாக்!" என்று எழுந்துவிட்டார். "என்னா பாய் இது, அடுப்பையே தூக்கி மேசையில வெச்சிட்டீங்களா?"

அன்று ஏழெட்டுப் பேருக்கு விரல் நுனி சிவந்தது. எதிர்க்கடையில் நானா சிரித்த சிரிப்பு ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். சாயங்காலம் சாலையைக் கடந்து வந்து, என் தோளில் கை வைத்து, "லண்டன்ல கையால சாப்பிடறதில்ல தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கையைத் தட்டிவிட்டேன். இன்று நினைத்தால் எனக்கும் சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை.

உண்மையில் எனக்கு அவரிடமிருந்து வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த வரிசையில் என் கடைக்கு ஓர் இடம். பாரிசுக்குப் பக்கத்தில் வேண்டாம், சிங்கப்பூருக்கு ஒரு படி மேலே என்றாவது அவர் வாயால் சொன்னால் போதும். ஒருமுறை வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "நானா, நம்ம கடை எங்க வரும்?"

அவர் யோசித்தார். விளையாட்டாகப் பதில் சொல்லியிருக்கலாம். "சும்மா சொல்ல மாட்டேன் தம்பி. பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். எனக்கு முகத்தில் அடித்தது போலாகிவிட்டது. எட்டடி தூரத்தில் வருடக்கணக்காகக் கடை வைத்திருக்கிறேன், இன்னும் என்ன பார்க்க வேண்டும்?

அந்தக் கோபத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். உங்களில் பலர் அன்று அங்கே இருந்தீர்கள். நோன்புப் பெருநாளுக்கு மறுநாள், நானா கடையில் உட்கார இடமில்லாத கூட்டம். பள்ளிவாசல் லெப்பையும் இருந்தார். பாரிஸ் ஓட்டலில் ஆட்டுக்கறி எப்படி வெண்ணெய் போல் வெந்திருக்கும் என்று நானா சொல்லிக்கொண்டிருந்தார். நான் சாலையைத் தாண்டிப் போய் வாசலில் நின்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன்.

"நானா, எனக்கு ஒரு சந்தேகம். பாரிசுல அந்த ஆட்ட அறுத்தது யாரு? பிஸ்மி சொல்லித்தான் அறுத்தாங்களா?"

லெப்பை தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். நான் வேண்டுமென்றே கேட்டது அது. சாப்பிட்டேன் என்றால் ஹராம் தின்றவர், இனி அவர் கையால் ஒரு முஸ்லிமும் சாப்பிடமாட்டான். சாப்பிடவில்லை என்றால் இத்தனை வருடமும் அளந்ததெல்லாம் புளுகு. இரண்டில் எதைச் சொன்னாலும் கடை காலி. அதைத் தெரிந்துதான் கேட்டேன்.

நானா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

"ஒரு வாய்கூட சாப்பிடல தம்பி" என்றார். "ரொட்டி, முட்டை, பழம். ஒன்றரை வருஷமும் அதான். கறி வெட்டிக் குடுத்தேன், வாசனை பிடிச்சேன். அல்லாஹ் மேல ஆணையா வேற எதுவும் உள்ள போகல."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ரெங்கத்துக் கிராணிக்குத்தான் ஏமாற்றம். "அப்புறம் பாரிஸ் ஒசத்தி, சிங்கப்பூர் மட்டம்னு எப்படிச் சொன்னீங்க?"

"திரும்பிப் போற தட்டைப் பார்த்து" என்றார் நானா. "கறி வெட்டிக் குடுத்ததும் நான் போய் நின்னது சமையலறைக் கதவோரம். சாப்பிட்டவங்க வாய் மரியாதைக்குப் பேசும். தட்டு அப்படிப் பேசாது. பாரிசுல முத்துமாலை போட்ட சீமாட்டி யாரும் பார்க்கலைன்னு நெனச்சு ரொட்டியால குழம்பைத் துடைச்சு வாயில போட்டுக்குவா. அந்தத் தட்டு உள்ள போகையில கழுவ ஒண்ணும் இருக்காது. சிங்கப்பூர்ல பாதி மீன் அப்படியே திரும்பிப் போகும். லண்டன்ல பீன்ஸ் மொத்தமும் திரும்பிப் போகும்."

கிராணி நாற்காலியை இன்னும் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். லெப்பை, "மாஷா அல்லாஹ்" என்று சொல்லி இன்னொரு கோப்பை தேநீர் கேட்டார். நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். யாரும் என்னை உள்ளே கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை. மறுநாள் முதல் அவர் கடையில் கூட்டம் இன்னும் கூடியது. மனிதரைக் குழியில் தள்ளப் போய் மேடையில் ஏற்றிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் சலாம் மட்டும்தான். மன்னிப்புக் கேட்க நூறு தடவை சாலையில் கால் வைத்தேன். எதிர்ப்பக்கத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும், என் வயிறு எரியும், திரும்பிவிடுவேன். ஒன்பது வருடம் இப்படியே போயிற்று.

அந்தப் பெருநாளுக்குப் பிந்திய மாதத்திலிருந்துதான் முத்தையா வெள்ளிக்கிழமைதோறும் என்னிடம் மீன் வாங்க ஆரம்பித்தார். ஜொகூர் பாருவிலிருந்து காலை ரயிலில் வரும் தெங்கிரி மீனில் நடுத்துண்டு ஒன்று, நிறையக் குழம்பு. நீல விளிம்பு போட்ட என் எனாமல் தட்டில் வைத்து, மேலே வாழையிலை மூடிக்கொண்டு போவார். சாயங்காலம் தட்டைத் திருப்பிக் கொடுப்பார், கழுவாமல். குழம்பு ஒரு சொட்டு இருக்காது, முள் இருக்காது, ஆனால் கழுவியிருக்காது. விளிம்பில் ரொட்டித் தூள் ஒட்டியிருக்கும். அடுத்த வீட்டுப் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுப்பது நம் எல்லோருக்கும் தெரிந்த மரியாதை. "என்ன முத்தையா, உங்க வீட்டுல தண்ணி இல்லையா?" என்று எத்தனையோ வாரம் கேட்டிருக்கிறேன். "மறந்துட்டேன் பாய்" என்று தலையைச் சொறிவார். மனிதர் ஒன்பது வருடமாக ஒவ்வொரு வாரமும் மறப்பாரா என்று எனக்குத் தோன்றவில்லை. என் புத்தியெல்லாம் எதிர்க்கடையில்தான் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமையே அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்தது. மவுத்து வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியக்கூடாது, பக்கத்து வீட்டார்தான் சமைத்து அனுப்ப வேண்டும். பக்கத்து வீடு என்றால் நான்தான். சோறும் பருப்பும் பொரித்த மீனும் எடுத்துக்கொண்டு, ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்தச் சாலையை முழுதாகக் கடந்தேன். நானாவின் மனைவி பத்து பகாட் ஊர் மலாய்ப் பெண். நம் தமிழைத் தன் வசதிக்கு வளைத்துக்கொண்டவர். திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி, ஒரு நிமிஷம் லா. உங்க பிங்கான் இங்க இருக்கு."

ஒரு கை திரையின் அடியில் தட்டை நகர்த்தியது. நீல விளிம்பு, என் எனாமல் தட்டு.

"முத்தையாவுக்குக் குடுத்ததாச்சே?" என்றேன்.

"முத்தையா வாங்கித் தருவாங்க. சாப்பிடறது இவங்க. வெள்ளிக்கிழமைன்னா நம்ம கடை ஆட்டுக்கறியத் தொட மாட்டாங்க. மீனைச் சாப்பிட்டுட்டு ரொட்டியால துடைப்பாங்க. கழுவிக் குடுங்க, மானக்கேடுன்னு நான் சண்டை போடுவேன். கழுவாதே, செய்யது ஒரு நாள் பார்ப்பான்னு சொல்வாங்க. இன்னைக்கு மட்டும்தான் தம்பி, மிச்சம் வெச்சிட்டுப் போயிட்டாங்க."

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றவர் ஒன்பது வருடமாக வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. அவர் பெருமைகளையெல்லாம் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பாரிசும் வியன்னாவும் உங்களுக்கு. எனக்கு அந்தத் தட்டு போதும். அதில் இனி யாருக்கும் பரிமாற மாட்டேன்.

அன்று தட்டைக் கையில் எடுத்தபோது பாதித் துண்டு மீன் அப்படியே இருந்தது. குழம்பு காய்ந்து ஏடு கட்டியிருந்தது. ஒரு விரல் தடம் அதில் பாதி வழி வந்து நின்றிருந்தது. அழ வேண்டிய அந்த நேரத்திலும் எனக்கு முதலில் வந்த பயம் எது தெரியுமா? பாதி திரும்பி வந்திருக்கிறதே, இன்றைக்கு உப்புக் கூடிவிட்டதோ என்பதுதான். சாலை நடுவில் நின்று, சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

உப்புச் சரியாகத்தான் இருந்தது, நானா.