ஒரு நாள் வேலி

ஒன்பது வயதில் நான் ஓர் அதிகாரியிடம் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் வலது கால் கோணிப்போயிற்று. சொன்னது ஒரு சின்ன வாக்கியம்தான். அதை யாரிடமும் ஒப்புக்கொள்ளாமல் அறுபது வருடம் ஓட்டிவிட்டேன்.

பூந்தமல்லிக்குத் தெற்கே, இப்போது அடுக்குமாடிகள் நிற்கும் இடத்தில், அப்போது கல்குவாரி இருந்தது. என் நினைவில் அங்கே எப்போதும் வெயில்தான். கல்தூசு வேப்பிலைமேல், எருமையின் முதுகில், கொடியில் காயும் துணியில் எல்லாம் படிந்து, ஊரையே மாவில் புரட்டி எடுத்தது போல் வெளுத்துக் கிடக்கும். மத்தியானம் வெடி வைப்பார்கள். என் தாய்மாமன்தான் அங்கே மேஸ்திரி. வெடிக்கு முன்னால் சிவப்புக் கொடியை நட்டுவிட்டு, மூன்று முறை நீளமாக விசில் ஊதுவார். மூன்றாவது விசிலுக்கும் வெடிக்கும் நடுவே ஓர் அமைதி வரும். காக்கைகூடக் கத்தாது. மரங்கள் எல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது போல் இருக்கும். பிறகு தரை ஒருமுறை குலுங்கும். அடுப்படியில் பாத்திரங்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொள்ளும்.

குவாரியின் கிழக்குப் பக்கத்தில் கல் தீர்ந்துபோய், அந்தப் பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அதில் மழைநீர் பச்சையாக நின்றது. விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் மேகங்கள் காலுக்குக் கீழே போகும். நான் பலநாள் அங்கே நின்று, மேகத்தின் மேல் நடப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஊருக்குள் வரும் குறுக்குப் பாதை அந்த விளிம்பை ஒட்டித்தான் போனது.

கைவிட்ட பள்ளத்தைச் சுற்றி வேலி போட வேண்டும் என்பது விதி. எங்கள் முதலாளி விதியை மதிக்காதவர் அல்ல. அவருக்குக் குவாரிகள் மூன்று இருந்தன, வேலியும் ஒன்று இருந்தது. எந்தக் குவாரியைப் பார்க்க ஆபீசர் வருகிறாரோ, அங்கே முந்தின நாள் லாரியில் வேலி வந்து இறங்கும். சவுக்குக் கம்பங்களும் முள்கம்பிச் சுருளும்.

அந்த முறை வேலி எங்கள் பள்ளத்துக்கு வந்தது. குவாரிப் பெண்கள் வரிசையாகக் குழி தோண்டினார்கள். அவர்களில் பக்கத்து வீட்டு அக்காவும் ஒருத்தி. அவளுக்குப் பதினேழு வயது, தை மாதத்தில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். மாமா என்னைத் தனியாக ஓரம் கூப்பிட்டார்.

"மாப்ள, ஆபீசரு பெரியவங்களண்ட கேக்க மாட்டாரு. பசங்களண்டதான் கேப்பாரு. நீதான் இஸ்கூல்ல மொத ரேங்க்கு. தெளிவா சொல்லணும்."

"இன்னா சொல்லணும் மாமா?"

"இந்த வேலி எப்பவும் இங்கதான் கீதுன்னு."

"நேத்து இல்லியே?"

"நேத்த பத்தி அவரு கேட்டாரா? நீ சொல்லு. நாளிக்கி மத்தியானம் விசிலு உன் வாயில."

அதன் பிறகு நான் எதையும் கேட்கவில்லை. மண்வெட்டியோடு நிமிர்ந்த அக்கா சிரித்தாள். "தொரை ஆபீசருக்கே பதில் சொல்லப் போறாரு. அதுக்கு முன்னாடி இந்தக் கம்பத்த கொஞ்சம் புடிங்க தொரை." நான் பிடித்துக்கொண்டேன். அவள் மண்ணைத் தள்ளி மிதித்தாள்.

மறுநாள் ஆபீசர் வந்தார். கறுப்பு ஷூ போட்டிருந்தார். வேலியை ஒட்டியே மெதுவாக நடந்து, என் முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, இந்த வேலி எப்பவும் இங்க இருக்குதா?"

"எப்பவும் இருக்குது சார்."

அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். என் தலையைத் தடவினார். பிறகு பக்கத்தில் இருந்த கல்லின்மேல் காலைத் தூக்கி வைத்து, ஷூவில் ஒட்டியிருந்த ஈரச் செம்மண்ணை ஒரு குச்சியால் நிதானமாகச் சுரண்டி எடுத்தார். எவ்வளவு சுத்தமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் விசில் என் வாயில் இருந்தது. மூன்று முறை ஊதினேன். மூன்றாவது ஒலி பனைமரங்களுக்கு மேலே போய்க் கரைந்தது. அந்த அமைதி வந்தது. என் மூச்சால் வந்த அமைதி. அவ்வளவு பெரிய ஆளாக நான் வாழ்நாளில் மறுபடி இருந்ததே இல்லை.

விடிந்தபோது வேலி அடுத்த குவாரிக்குப் போய்விட்டது. குழிகள் மட்டும் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு கிடந்தன.

"குழிய மூடலியா மாமா?"

"மூடிட்டா அடுத்த தபா யாரு தோண்டுறது? கெடக்கட்டும் வுடு."

இரண்டு நாள் மழை பெய்தது. குழிகளில் செந்நீர் நிரம்பி, தரையும் குழியும் ஒரே நிறமாயின. மூன்றாம் நாள் காலையில் அக்கா தலையில் புல்லுக்கட்டோடு குறுக்குப் பாதையில் வந்தாள். கால் குழிக்குள் போயிற்று. நிலைதடுமாறி, விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தாள். தண்ணீருக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த பாறைத் திட்டு அவளைத் தாங்கியது. நான்கு பேர் கயிறு கட்டி மேலே தூக்கினார்கள். நான் கூட்டத்தில் நின்று பார்த்தேன். அவள் முகமெல்லாம் கல்தூசு. கண்ணைத் திறந்து, "புல்லுக்கட்டு எங்க?" என்றாள்.

எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. தை மாதக் கல்யாணம் நின்றது. "கண்ண எங்கியோ வெச்சிக்கினு நடந்தா இப்படித்தான்" என்றார் மாமா, எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே. பக்கத்தில் உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன். பிறகு படித்தேன், விடுதிக்குப் போனேன், பொறியியல் கல்லூரியில் கட்டுமானப் பாடம் நடத்தினேன். தூண் எப்படி நட வேண்டும் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

போன வருடம்தான் அக்காவைத் தேடிக்கொண்டு முத்தாபுதுப்பேட்டைக்குப் போனேன். தம்பி குடும்பத்தோடு இருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டதும், "வாடா தொரை" என்றாள். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பல்லில்லாமல் சிரித்தாள்.

"அட பைத்தியமே. அந்தக் குழிய தோண்டினதே நான்தானடா."

"என்னை மன்னிச்சிடுக்கா."

"மன்னிச்சா காலு நேராயிடுமா?" சிரிப்பு நின்றது. "ஆமா, அந்தப் பள்ளம் இன்னும் கீதா?"

"இருக்கு. இப்ப சுத்தி வீடுங்க வந்துடுச்சு. பசங்க குளிக்க எறங்குறாங்க."

"வேலி?"

"இல்ல."

"அப்ப இங்க குந்திக்கினு இன்னாத்துக்கு அழுவுற? போய் அத சொல்லு."

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். பதில் வராததால் மறுபடியும் கொடுத்தேன். மூன்றாவது மனுவுக்குப் பிறகு ஒருநாள் கைபேசி ஒலித்தது. "சார், வேலி போட்டாச்சு. நேர்ல வந்து பாத்துட்டு, குறை தீர்ந்துடுச்சுன்னு ஒரு கையெழுத்து போட்டுடுங்க."

அக்காவையும் ஆட்டோவில் அழைத்துக்கொண்டு போனேன். பள்ளம் அப்படியே இருந்தது. பச்சைத் தண்ணீரில் மேகங்களோடு இப்போது பால்கனிகளும் மிதந்தன. சுற்றிலும் புதுக் கம்பங்கள், வெயிலில் மின்னும் கம்பி. அலுவலகத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் தாளையும் பேனாவையும் என் கையில் கொடுத்தார். அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோலை ஊன்றி முதல் கம்பத்துக்குப் போய், குனிந்து அதன் அடியை விரலால் கிளறினாள்.

"மண்ணு."

அடுத்த கம்பத்துக்குப் போனாள். "இதுவும் மண்ணுதான்டா."

நான் அந்த இளைஞரின் ஷூவைப் பார்த்தேன். ஈரச் செம்மண். நான் பார்ப்பதைப் பார்த்து அவரும் குனிந்து பார்த்துக்கொண்டார்.

கறுப்பு ஷூக்காரர் ஏன் மண்ணைச் சுரண்டினார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அது புதிதாகத் தோண்டிய மண்; அவர் காலுக்கே விடை தெரிந்திருந்தது. அவருக்குத் தேவைப்பட்டது, சொல்ல ஒரு வாய். ஒன்பது வயதில் நான் ஓர் அதிகாரியை ஏமாற்றிவிட்டதாக நம்பினேன். அங்கே ஏமாறுவதற்கு யாருமே வரவில்லை.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். "சிமெண்ட் போட்டுட்டுக் கூப்பிடுங்க தம்பி."

"கையெழுத்து இல்லேன்னா மனு நிலுவையிலயே நிக்கும் சார்."

"நிக்கட்டும்."

சாலையோரம் இருந்த பதினொரு கம்பங்களுக்கு மட்டும் சிமெண்ட் போட்டார்கள். மற்றவை இரண்டே வாரத்தில் காணாமல் போயின. குழிகள் பழையபடி கிடந்தன. மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. நான்காவதை எழுதி வைத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உடைந்த செங்கல்லும் மண்ணும் ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், அந்தக் குழிகளை ஒவ்வொன்றாக மூடினேன். அக்கா ஒரு கல்லின்மேல் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் குழியை மூடிவிட்டு நிமிர்ந்தேன்.

"ஆச்சுக்கா."

அவள் கோலால் அந்த இடத்தைக் குத்திப் பார்த்தாள். கோலின் முனை கொஞ்சம் உள்ளே இறங்கியது.

"இன்னும் மிதிடா."

மிதித்தேன்.