ஐயா வகுத்த எட்டு வருடம்

கீரிமலையில் பெண்கள் குளிக்கும் கேணியிலிருந்து ஏறி வந்த அம்மா, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, "தங்கச்சி, நீர் எந்த ஊர்?" என்று கேட்டார். நான் அவருடைய இளைய மகள். பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மரியாதையோடு என் பதிலுக்குக் காத்திருந்தார்.

அது எண்பத்தாறாம் ஆண்டு. என் தந்தையை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். காங்கேசன்துறைத் துறைமுகத்தில் இலிகிதராக, கோப்பெழுதும் வேலையில், இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த கிழமையே அம்மாவை யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனார். நானும் போனேன். அல்சைமர் என்ற சொல்லை அன்றுதான் முதலில் கேட்டோம்.

"இது திரும்பாது," என்றார் டொக்டர். "சிலர் ஆறு வருசம் இருப்பினம். சிலர் எட்டு, பத்தும் இருப்பினம். ஆர் பாக்கப்போறியள் எண்டதை இப்பவே யோசியுங்கோ."

ஐயா அதை அலுவலகக் கட்டளை போல எடுத்துக்கொண்டார். சாவகச்சேரியில் இருந்த அக்காவை வரவழைத்தார். அம்மா முற்றத்தில் பூப் பறித்துக்கொண்டிருக்க, எங்கள் இருவரையும் இருத்தி, நடுவாக எட்டு வருடம் என்று வைத்து அதைப் பிரித்தார்.

"முதல் நாலு வருசம் நான் தனியப் பாப்பன். பிறகு சின்னவள் எனக்கு உதவிக்கு நிக்கட்டும். படுக்கையிலை விழுந்தாப் பிறகு பெரியவளிட்டைக் கொண்டுபோவம்."

"ஐயா, உங்களுக்கு ஏதும் வந்தா?" என்று அக்கா கேட்டாள்.

"எனக்கென்ன? நான் கல்லு மாதிரி நிக்கிறன்."

அதற்குமேல் நாங்கள் கேட்கவில்லை. கேட்க விரும்பவில்லை என்பதுதான் உண்மை.

தொண்ணூறில் ஷெல்லடி தொடங்கியபோது இருவரும் ஆளுக்கொரு பையோடு கோண்டாவிலில் நானும் கணவரும் இருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அதன்பின் இராணுவம் பிடித்த காங்கேசன்துறைக்கு யாரும் திரும்ப முடியவில்லை. தெரிந்த வீடு போனதோடு அம்மாவிடம் மிச்சமிருந்த பிடியும் போய்விட்டது. அடுப்பு மூட்டக் குசினியைத் தேடி அறைக்குள் போவார். கக்கூசைத் தேடி வேலியோரம் நடப்பார். ஐயா பின்னாலேயே போவார். குளிப்பாட்டுவது, சோறு தீத்துவது, அழுக்குத் துணி தோய்ப்பது எல்லாம் அவர்தான். நான் கை வைக்கப்போனால், "நீ பள்ளிக்கூடத்துக்குப் போ, நேரமாகுது" என்பார். படிப்பிக்கும் வேலையைச் சாட்டாக வைத்துக்கொண்டு நானும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். அவர் மெலிந்துகொண்டு போனதைக் கண்டேன். மாடிப்படி ஏறியவர் போல முற்றத்திலேயே மூச்சு வாங்கியதையும் கண்டேன். பொருளாதாரத் தடையால் அரிசிக்கும் தட்டுப்பாடு, மருந்துக் கடைகளும் வெறுமையாகக் கிடந்த காலம். எல்லாரும்தான் மெலிகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தொண்ணூற்றிரண்டில் ஒரு சனிக்கிழமைக் காலை கிணற்றடியிலிருந்து அம்மாவின் குரல் விடாமல் கேட்டது. "இஞ்சாருங்கோ, தண்ணி ஊத்துங்கோவன். இஞ்சாருங்கோ, குளிருது." போய்ப் பார்த்தேன். தோய்க்கிற கல்லில் அம்மா தலையில் சவர்க்கார நுரையோடு இருந்தார். ஐயா கிணற்றுக் கட்டோடு சரிந்து கிடந்தார். உயிர் இல்லை.

சடங்கு நடக்கும்போது அம்மா என் காதுக்குள், "ஆற்றை செத்தவீடு இது?" என்று கேட்டார். சொன்னேன். நெஞ்சிலடித்து அழுதார். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். அதே அழுகை, அதே அடி. நாலாம் தரம் அக்கா என் கையைப் பிடித்து, "இனிச் சொல்லாதை" என்றாள். அன்றிலிருந்து, "ஐயா வேலைக்குப் போட்டார், அம்மா" என்பதே எங்கள் பதில். அது போதுமாயிருந்தது. பின்னேரமானால் தலைவாரிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருப்பார்.

ஒரு மாதத்துக்குப் பின் அதே டொக்டரிடம் போனேன். அவர் நரைத்துப்போயிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அண்டைக்கு அம்மாவை மட்டும்தான் சோதிச்சனான். கூட்டிக்கொண்டு வந்த மனிசனின்ரை பிறெஷரை நான் பாக்கேல்லை. நீர் இப்ப நித்திரை கொள்ளுறீரோ?"

அந்தக் கேள்வியை வேறு யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. "ஓம்" என்று பொய் சொன்னேன்.

வேலையை விட்டேன். ஐயாவின் கையால் சாப்பிட்டுப் பழகிய அம்மா என் கையால் வாங்கமாட்டார். ஒருநாள் மூன்றாம் முறையாகவும் சோற்றை என் முகத்தில் துப்பியபோது கன்னத்தில் அறைந்துவிட்டேன். அம்மா கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏன் பிள்ளை அடிக்கிறீர்?" என்று அமைதியாகக் கேட்டார். அடுத்த கவளத்தைப் பேசாமல் வாங்கினார். நான் சொன்னபடி அவர் சாப்பிட்ட முதல் நாள் அது. பயத்தால்தான் சாப்பிட்டார்.

தொண்ணூற்றுநாலு கடைசியில் அம்மா படுக்கையில் விழுந்தார். பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடிய ஒரு வான் வண்டியில் மெத்தை விரித்துச் சாவகச்சேரிக்குக் கொண்டுபோய் அக்காவிடம் விட்டேன். ஐயா போன பிறகு அவர் சொன்னபடி நடந்தது அந்த ஒன்றுதான். வீடு திரும்பிய அன்று விடியும்வரை அசையாமல் தூங்கினேன். நாலு மாதத்தில் அம்மா போய்விட்டார். நான் பக்கத்தில் இல்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் முன்னேறி வர, எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் ஊரைவிட்டு வெளிக்கிட்டு நடந்தது. மழைக்குள் நானும் கணவரும் சாவகச்சேரிப் பக்கம் போகும் சனத்தோடு ஊர்ந்தோம். அம்மா நேரத்தோடு போனது நல்லது என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததை அக்காவிடம் இன்றுவரை சொன்னதில்லை.

முன்னால் ஒருவர் தன் தகப்பனைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு போனார். கிழவர், "எங்கை போறம்?" என்று கேட்டபடியே இருந்தார். மகன் பதில் சொல்லிச் சொல்லி, கடைசியில் வாயை மூடிக்கொண்டார். நான் எட்டி நடந்து கிழவரின் பக்கத்தில் போய், "சாவகச்சேரிக்கு, ஐயா" என்றேன்.

"அங்கை ஆர் இருக்கினம்?"

"என்ரை அக்கா இருக்கிறா."

அவர் மறுபடி கேட்டார். நான் மறுபடி சொன்னேன். மகன் என்னைத் திரும்பிப் பார்க்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். நாவற்குழிப் பாலத்து நெரிசலில் அவர்களைத் தவறவிட்டேன்.