ஷெட்டுக்குத் திரும்பாத கப்பல்

டைம்கீப்பருக்கு விண்வெளியில் ஒருபோதும் ஆர்வம் இருந்ததில்லை. பேருந்து டிப்போவின் வாசலில் உள்ள சின்ன அறையில் உட்கார்ந்து, போகிற வண்டிக்குக் கை காட்டுவதும், வருகிற வண்டியைப் பலகையில் குறிப்பதும்தான் அவர் வேலை. கடைசி வண்டி ஷெட்டுக்குள் வந்து நின்று எஞ்சின் அணைந்த பிறகுதான் அவருடைய தோள்கள் கீழே இறங்கும்.

"அண்ணே, நல்லவேளை நீங்க கல்யாணம் பண்ணிக்கல. அண்ணி கடைக்குப் போயிட்டு வந்தாக்கூட டிரிப் ஷீட்ல கையெழுத்துக் கேட்டிருப்பீங்க" என்பார்கள் ஓட்டுநர்கள்.

அவரும் சேர்ந்து சிரிப்பார். கேட்டிருப்பார்தான்.

இப்படிப்பட்ட ஒரு மனிதருக்குப் பின்னால் ஏதோ விபத்து இருக்க வேண்டும், வராமலே போன வண்டி ஒன்று இருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி ஒன்றும் இல்லை. ஒரு வேலையைப் போதுமான காலம் செய்தால், அது செய்கிறவரைத் தன் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொள்கிறது. அதற்குத் துக்கம் தேவையில்லை, பழக்கம் போதும்.

அவரும் அக்காவும் ஒரே வீட்டில் இருந்தவர்கள். அக்காவுக்கு வேலை மாற்றலாகித் தொலைவில் ஓர் ஊருக்குப் போன பிறகு இருவருக்கும் நடுவே தொலைபேசி மட்டும் மிஞ்சியது. சாப்பிட்டாயா, மழையா என்று கேட்டுவிட்டால் அதற்கு மேல் பேச்சு நகராது. ஒரே வீட்டில் இருந்தபோதும் அவர்கள் அதிகம் பேசியதில்லை. ஆனால் அந்த மௌனத்தில் பாத்திரம் கழுவும் சத்தமாவது இருந்தது. தொலைபேசியில் மௌனம் வெறும் மௌனமாகவே இருந்தது.

அக்காதான் வழி கண்டுபிடித்தாள். "நானும் கீழ் வீட்டுப் பல் டாக்டரும் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டர்ல ஒரு கேம் ஆடுறோம். மூணாவது ஆள் வேணும். ஹெட்போனை மாட்டிக்கிட்டுப் பேசிக்கிட்டே ஆடலாம், வாடா."

ஆட்டத்தில் ஆளுக்கு ஒரு சூரியன், ஒரு கிரகம், சில கப்பல்கள். சுற்றிலும் இருட்டு. கப்பலை அனுப்பினால் அது போகிற வழியெல்லாம் வெளிச்சமாகும். அங்கே யார் இருக்கிறார்கள், எங்கே குடியேறலாம் என்று தெரியும். மூவரும் ஒரே பக்கம்; எதிரி ராஜ்யங்களைக் கம்ப்யூட்டரே நடத்தும்.

"எல்லாப் பட்டனும் என்னன்னு முதல் நாளே தெரிஞ்சுக்கணும்னு உக்காராத, பைத்தியம் பிடிச்சிடும்" என்றாள் அக்கா. "தலை சுத்தினா ஆட்டத்தை நிறுத்தி வெச்சுட்டு யோசி, யாரும் திட்ட மாட்டாங்க. சுரங்கத்துல சேர்ந்த இரும்பைப் பூட்டி வெக்காம கப்பல் கட்டச் செலவு பண்ணு. முதல்ல சுத்தி என்ன இருக்குன்னு பாரு, சண்டையெல்லாம் அப்புறம்."

எல்லாவற்றுக்கும் "சரி" என்றார். கைக்கு ஒரு வேலை கிடைத்ததும் இருவருக்கும் வாய் திறந்துகொண்டது. புது அலுவலகத்தில் மதியம் தனியாகத்தான் சாப்பிடுகிறாள் என்பதை ஆட்டத்தில் ஒரு சுரங்கம் கட்டிக்கொண்டே சொன்னாள். இதை நேராகக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். டைம்கீப்பரின் வாரம் ஞாயிற்றைச் சுற்றியே நகரத் தொடங்கியது.

ஆனால் ஆட்டத்தில் தொடர்ந்து தோற்றார்கள். ஒவ்வொரு முறையும் எதிரி அவர் பக்கத்து இருட்டிலிருந்துதான் வந்தான். வந்தவன் அவரைத் தாண்டிப்போய் டாக்டரின் கிரகங்களைத் தின்றான். மூன்றாவது தடவை டாக்டருக்குப் பொறுக்கவில்லை.

"சார், கோவிச்சுக்காதீங்க. சொத்தைப் பல்லைக்கூட நான் இவ்வளவு நாள் விட்டு வெக்க மாட்டேன். அடுத்த வாரமும் இப்படியே போச்சுன்னா என் கொழுந்தனைச் சேர்த்துக்கலாம். அவன் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கான்."

சொன்னது நியாயம்தான். அக்காவும் மறுத்துப் பேசவில்லை. அதுதான் அவருக்கு வலித்தது.

மறுநாள் அக்கா போன் செய்தாள். "டேய், உன் வரைபடத்தை உக்காந்து பார்த்தேன். உன் கப்பல் எதுவுமே ரெண்டு சூரியனைத் தாண்டினதில்ல. என்னதான்டா பண்ற?"

"அனுப்புறேனே. வருஷம் முடியறப்ப எல்லாத்தையும் திரும்பக் கூப்பிட்டுக்கறேன்."

"எதுக்கு?"

அவர் யோசித்தார். ஆட்டத்தில் வருடம் முடியும்போது திரையின் மூலையில் எண் மாறும். அப்போது கப்பலெல்லாம் உள்ளே இருக்க வேண்டாமா? "ஷெட்டுக்கு வர வேண்டாமா?" என்றார்.

அக்கா வெகுநேரம் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "அதுக்கு டீசல் தீராது. டிரைவருக்கு வீடு கிடையாது. போனா போய்க்கிட்டே இருக்கும்டா. விடு."

விடு என்பது சின்னச் சொல். அடுத்த ஞாயிறு எண் மாறும் நேரம் வந்தபோது அவர் விரல் தானாகத் திரும்ப அழைக்கும் பொத்தானுக்குப் போனது. இழுத்துக்கொண்டார். அடுத்த வருடமும் அப்படியே. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார். முதலில் அனுப்பிய கப்பல் மூன்றாவது சூரியனைத் தாண்டியது, ஐந்தாவதையும் தாண்டியது. அங்கே எதிரியின் படை வரிசையாக நின்றது.

"அக்கா, இங்க நிக்கறாங்க! கெளம்பப் போறாங்க!"

"எங்க? சரி, பார்த்துட்டேன். டாக்டர், அவங்க உங்க பக்கம் நுழையற வாசலை நீங்க மறிச்சுக்கோங்க."

அதற்குள் இன்னொரு சிறு படை அவருடைய சொந்தக் கிரகத்தைச் சூழ்ந்துவிட்டது. அங்கே காவலுக்கு ஒன்றுமில்லை. கப்பல்களெல்லாம் வெளியே. அவற்றைத் திரும்ப அழைத்தால் ஆபத்து வரும் வழி மறுபடி இருட்டாகிவிடும். அழைக்காவிட்டால் வீடு போய்விடும். டிப்போவில் வண்டி குறைந்தால் பக்கத்து டிப்போவைக் கேட்காமல் சமாளிப்பதுதான் அவருடைய பெருமை.

"அக்கா," என்றார், "என்னால முடியல. நீ வா."

"வரேன், வரேன். அஞ்சு நிமிஷம் தாக்குப் பிடி."

அவள் வருவதற்குள் பாதி நகரங்கள் எரிந்துபோயின. மீதியைக் காப்பாற்றினாள். பெரிய படையை டாக்டர் வாசலிலேயே மடக்கிவிட்டார். டைம்கீப்பர் நன்றாக ஆடினார் என்று சொல்வதற்கில்லை. காவலுக்கு ஒரு கப்பலையாவது வைத்திருக்க வேண்டும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் அன்று அவர்கள் தோற்கவில்லை. பாதியில் சேமித்து வைத்து எழுந்தார்கள்.

"சார்," என்றார் டாக்டர், "அடுத்த வாரம் வீட்டுல ஒருத்தனை நிறுத்திட்டு ஊர் சுத்துங்க. கொழுந்தன்கிட்ட நான் ஏதாவது சொல்லிக்கறேன்." அவர் இணைப்பிலிருந்து விலகிவிட்டார்.

அக்கா இணைப்பிலேயே இருந்தாள். "அந்த முதல் கப்பல் இப்ப எங்கடா?"

"தெரியல," என்றார் டைம்கீப்பர். "போய்க்கிட்டு இருக்கு." சொல்லிவிட்டுக் கைகளை மறுபடி தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.