முதல் பரிசு வாங்கிய புகைபோக்கி

அம்மாவின் தம்பி, என் மாமா, புது போன் வாங்கியபோது பழையது எனக்கு வந்தது. சிம் கிடையாது, கண்ணாடியில் விரிசல், ஆனால் கேமரா வேலை செய்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்? ராயபுரத்தில் ஆட்டோ ஓட்டிய மாமா, ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பூசை முடிந்ததும் என்னை ஏற்றிக்கொண்டு திருவொற்றியூர், எண்ணூர் என்று ஒரு சுற்று வருவார். “நிறுத்து மாமா!” என்று நான் கத்துமிடத்திலெல்லாம் நிறுத்துவார்.

ஒரு வருஷம் முழுக்க இதே வேலை. சித்திரை வெயிலில் காசிமேட்டில் மீன் கூடையோரம் குடை பிடித்தபடி தூங்கும் மீன்காரம்மா. ஐப்பசி மழையில் நின்றுபோன கன்டெய்னர் லாரியைக் கையால் தள்ளிப் பார்க்கும் மூன்று பேர். போகிப் புகைக்குள் பாதி காணாமல் போன மணலி. அடுத்து வந்த தையில் ஒரு காலை, எண்ணூரில் பனிக்கு மேலே தலை நீட்டிய புகைபோக்கி. அதன் உச்சியில் கயிற்றில் தொங்கியபடி பெயின்ட் அடிக்கும் ஓர் ஆள், எறும்பு மாதிரி.

“அத்த எட்த்துட்டியா?” என்று கேட்டார் மாமா, ஏதோ அவசரமாக. எடுத்துவிட்டேன்.

பள்ளியில் ‘எங்கள் ஊரின் பருவங்கள்’ என்று புகைப்படக் கண்காட்சி வைத்தார்கள். ஏழாவது படித்த பெரியப்பா மகள், நிஜக் கேமராவில் மெரினா சூரியோதயம் எடுத்து வைத்திருந்தாள். என் படங்களைப் பார்த்து மூக்கைப் பொத்தினாள்.

“இன்னாடி இது, ஒரே கலீஜா கீது! இத்தப் போயி யாரு பாப்பாங்க?”

பார்த்தார்கள். படத்திலிருந்த மீன்காரம்மாவே தன் தெருவைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். புகைபோக்கிப் படத்தின் முன்னால் நின்ற நடுவர்கள் நகரவேயில்லை. முதல் பரிசு என்று என் பெயரைச் சொன்னதும் மாமா விசிலடித்தார். தலைமையாசிரியை முறைத்தும் நிறுத்தவில்லை. பெரியப்பா மகள் பக்கத்தில் வந்து, “அடுத்த வாரம் என்னையும் இட்டுனு போறியா?” என்றாள். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

அந்தக் கூட்டத்தில் அம்மா மட்டும் புகைபோக்கிப் படத்தின் எதிரிலேயே நின்றாள். பக்கத்தில் அப்பா.

“கீழ காம்பவுண்டு செவுத்துக்குத்தான் அடிக்கிறேன்னு சொன்னியேய்யா?”

“அது வேற ஆளும்மே.”

மாமா அவசரமாக ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தார். அம்மா கை நீட்டி, அந்த எறும்பு மனிதன் தலையில் கட்டியிருந்த துணியின் பச்சைப் புள்ளியை விரலால் தொட்டாள். “என் புடவத் துணிய எனக்குத் தெரியாதா?”

அவர்கள் பேசியது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. “தொடாதம்மா, அழுக்காய்டும்!” என்று விரட்டிவிட்டு, கோப்பையை எல்லோருக்கும் காட்ட ஓடினேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது மாமா வழியெல்லாம் ஹாரன் அடித்தார். நான் கோப்பையை வெளியே தூக்கிப் பிடித்திருந்தேன். அம்மா அப்பாவின் கையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆட்டோ வேகத்துக்குப் பயப்படுகிறாள் போலிருக்கிறது என்று எண்ணி, மெதுவாக ஓட்டும்படி மாமாவை அதட்டினேன்.