வேம்புலியம்மாள் கதவும் ஆவாரஞ்செடியும்

மண்ணூர்பேட்டையில் எங்கள் தெருவுக்கு எதிர்ப்பக்கம் வீடே கிடையாது. ஒரு தொழிற்சாலையின் பின்சுவர்தான், இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும். ஆம்பிளை என்று சொல்லிக்கொண்டு திரிகிற ஜென்மங்களுக்கு அப்படி ஒரு சுவர் கண்ணில் பட்டால் போதும், உலகத்தில் இல்லாத அவசரம் வந்துவிடும். ஷிஃப்ட் முடிந்து வருகிறவன், ஒயின்ஷாப்புக்குப் போகிறவன், அங்கிருந்து தள்ளாடித் திரும்புகிறவன், எல்லாருக்கும் அதுதான் இடம். அதிலும் குறிப்பாக வேம்புலியம்மாள் வீட்டுக்கு நேர் எதிரே.

அவள் வீடு ஒற்றை அறை. மேலே ஆஸ்பெஸ்டாஸ், ஜன்னல் கிடையாது. காற்று வேண்டுமானால் கதவைத் திறக்க வேண்டும், திறந்தால் எதிரே எவனாவது நின்றுகொண்டிருப்பான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கதவு பகலில் மூடியே கிடந்தது. "இட்லி மாதிரி வேவுறேன் அன்னம்மா. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, கதவ தொறந்து வச்சிகினு சோறு துன்னணும்" என்பாள். பக்கத்து வீடு என்பதால் இந்தப் புலம்பல் தினமும் எனக்குத்தான். எனக்கும் வயிறெரியும்.

முதலில் சுவரில் சாமி படம் ஒட்டினாள். முருகன், மாதா, மெக்கா, மூன்றும். ஏதாவது ஒன்றுக்கு எவனும் பயந்துதானே ஆகவேண்டும்? பயந்தார்கள். லேத் பட்டறை நாகப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு, மூன்று படத்தையும் கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, நாலடி தள்ளிப் போய் லுங்கியைத் தூக்கினான். அடப் பாவி! அந்த பக்தியை எந்தக் கோயிலில் போய்ச் சொல்வது?

அப்புறம்தான் செடி. அவள் அம்மா வீடு நசரத்பேட்டை. அங்கே ரோட்டோரமெல்லாம் ஆவாரை மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். "மாடு வாய் வைக்காது, தண்ணி கேக்காது. நெருக்கி வச்சா பொதராட்டம் வளந்துடும். அப்பறம் எவன் சொவுருகிட்ட வரான் பாக்கலாம்" என்றாள். கிளையை ஒடித்து நட்டுப் பார்த்தாள், காய்ந்துபோனது. நெற்றுகளைப் பறித்து வந்து, பால் கவரில் மண் நிரப்பி விதைத்தாள். மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தும் ஒரு முளை வரவில்லை.

அவள் புருஷன் கோதண்டத்துக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இரும்புச் சாமானுக்குப் பாலிஷ் போடுகிற வேலை. எதைப் பார்த்தாலும் தேய்க்கத் தோன்றும் அந்த மனுஷனுக்கு. "வெத தோலு கெட்டிடீ. லேசா தேய்ச்சாதான் உள்ள தண்ணி எறங்கும்" என்று ஒரு பொட்டலத்தை வேலைக்கே எடுத்துப் போனார். எமரி சக்கரத்தில் வைத்த முதல் பிடி மாவாகப் போனது. அடுத்த பிடி தெறித்துப் போய் சூப்பர்வைசர் மூக்குக்கண்ணாடியில் விழுந்தது.

"இன்னாய்யா, கம்பெனி மெஷின்ல மசாலா அரைக்கிறியா?" என்று கத்தி, அன்றைக்கு அவரை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்.

ஆனால் தேய்க்க வேண்டும் என்பது சரிதான். தேய்ந்த எமரித் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருக்கிற நேரத்தில் நாங்கள் எல்லாரும் உட்கார்ந்து விதை தேய்த்தோம். கடைசி வீட்டு ஜமீலா தேய்க்கிற வேகத்தில் அவள் நகமும் சேர்ந்து தேய்ந்தது. இந்தத் தடவை கவர் கவராக முளைத்தது. ஐப்பசி மழையில் சுவரோரம் நட்டு, இரண்டே வருஷத்தில் ஆள் மட்டத்துக்கு வேலி எழும்பிவிட்டது.

கஷ்டகாலம், அதுதான் வினையாகப் போயிற்று. முன்னேயாவது அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு அவசரமாக முடிப்பான்கள். இப்போது செடிக்கும் சுவருக்கும் நடுவே மறைவு கிடைத்ததும் பீடி பற்றவைத்துக்கொண்டு, ஊர் நியாயம் பேசிக்கொண்டு நிதானமாகப் போனான்கள்.

வேம்புலியம்மாள் அரிவாளோடு இறங்கினாள். ஆனால் அதற்குள் தெருவே அந்தப் பூவுக்குப் பழகிவிட்டிருந்தது. காயவைத்துப் பயத்தமாவோடு அரைத்தால் குளிக்கப் பொடி, கொதிக்கவைத்தால் டீ. எல்லாருமாகப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டோம்.

"உங்க மூஞ்சி மினுக்கறதுக்கு நான் உள்ள வேவணுமா?" என்று கேட்டுவிட்டு, அரிவாளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனாள். பூவை மட்டும் எங்கள் பக்கத்திலிருந்தே பறித்துக்கொண்டோம். சுவர்ப்பக்கத்துப் பூவை யார் தொடுவது?

தொண்ணூற்றொன்றாம் வருஷம் நாகப்பனுக்கு சுகர் வந்தது. அவன் அண்ணனுக்கு சுகரில் ஒரு கால் போயிருந்தது, அதனால் ஆள் ஆடிப்போனான். மாத்திரையோடு ஆவாரம்பூவும் கொதிக்கவைத்துக் குடி என்று யாரோ சொல்ல, காலையிலேயே சொம்போடு வந்து நின்றான்.

"யக்கா, கொஞ்சம் பூ எடுத்துக்கட்டா?"

வேம்புலியம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "எடுத்துக்கோ நாகப்பா. இத்தினி வருசமா நீ தண்ணி ஊத்தி வளத்த செடி. உனுக்கு இல்லாததா?"

நீட்டின கை அப்படியே நின்றுவிட்டது. செடியைச் சுற்றி வந்தான், மோந்து பார்த்தான், தலையில் அடித்துக்கொண்டான். அன்று சாயங்காலமே ஒரு கழியோடு சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

"டேய், தள்ளிப் போடா! மனுசன் குடிக்கிற மருந்துடா அது!"

"இன்னா மாமே, நேத்து நீயே இங்கதான..."

"அது நேத்து! இன்னிக்கு எனுக்கு சுகரு!"

விசாரித்தால் ஒயின்ஷாப் கூட்டத்தில் பாதிப்பேருக்கு சுகர். எல்லாரும் பூவுக்கு வந்தார்கள், எல்லாரும் காவலுக்கும் உட்கார்ந்தார்கள். எஸ்டேட் ஆட்கள் ஆயிற்றே, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், செகண்ட் ஷிஃப்ட் என்று பிரித்துக்கொண்டார்கள். ரிலீவர் வராமல் ஒருத்தனும் எழுந்திருக்க மாட்டான். சுகர் குறைந்ததா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. சுவர் காய்ந்தது.

ஒரு சித்திரை மத்தியானம் கடமுடவென்று சத்தம் கேட்டு வெளியே வந்தேன். துருப்பிடித்த கீலைக் கோதண்டம் தோளால் முட்டி, கதவை முழுக்கத் திறந்துகொண்டிருந்தார். வேம்புலியம்மாள் வாசற்படியில் தட்டோடு உட்கார்ந்தாள். எதிரே காவலுக்கு இருந்த நாகப்பனும் கூட்டாளிகளும் அவளையே பார்த்தார்கள்.

"இன்னாடா பாக்கறீங்க? அந்தாண்ட திரும்புங்க!"

சொன்ன சொல்லுக்கு அத்தனை பேரும் செடியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

அவள் ஒரு வாய் சோறு எடுத்து வைத்தாள். மெல்லவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. பக்கத்தில் ஓடினேன்.

"என்னடி வேம்பு, குழம்பு காரமா?"

"இல்ல அன்னம்மா" என்றாள். "காத்து வருது."